பி பிளாக் ஏழுக்கு மறுஓட்டம்

சமவாய்ப்புக் குலுக்கல் இயக்ககம் என்றோர் அரசு அலுவலகம் புதுச்சேரியில் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கேட்கிறவர் நிறைய, கொடுக்கிற பொருள் கொஞ்சம் என்றால் குலுக்கிப் போட்டுக் கொடுப்பது அதன் வேலை. முன்பெல்லாம் ஒரு பானையில் துண்டுச்சீட்டுகளைப் போட்டு, கூட்டத்தில் நிற்கிற ஏதாவது ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். அது பாமரத்தனம் என்று மேலிடத்தில் தீர்மானமாகிக் கம்ப்யூட்டர் வந்தது. குழந்தைக்கு ஒரு மிட்டாய் போதும். கம்ப்யூட்டருக்கு ஓர் இயக்குநர், துணை இயக்குநர்கள், குளிர்சாதன அறை, ஒரு ஜீப், அந்த ஜீப்புக்கு டீசல் எல்லாம் வேண்டியிருந்தது.

‘எவருக்கும் சாயோம், எப்போதும் மாறோம்’ என்று வாசலில் பித்தளை எழுத்தில் பதித்திருக்கிறார்கள். சாய்வதைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. மாறாமல் இருப்பதற்காக அவர்கள் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன். அவர்கள் மாறாமல் இருப்பதற்காக நுஃமான் பட்ட பாடு அதைவிடப் பெரிது.

நுஃமான் காஜியார் வீதியில் பை, சூட்கேஸ் ரிப்பேர் செய்கிறவர். ஜிப் போனது, சக்கரம் கழன்றது, கைப்பிடி பிய்ந்தது எல்லாம் அவரிடம் வரும். கடைக்குப் பின்னாலேயே வாடகை வீடு. அவர் மனைவி சுரையா அங்கே தையல் மிஷின் போட்டு நைட்டி தைக்கிறார். வீட்டுக்காரர் நல்ல மனிதர். அந்த வீட்டின் ஜன்னல்களுக்கு நீலம் அடித்து, முற்றத்தில் மூங்கில் நாற்காலி போட்டு, சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப் போவதாகவும், ஜூன் மாதக் கடைசி வரை இவர்கள் இருந்துகொள்ளலாம் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தத் தெருவில் வேறு வீடு கிடைக்காது. கிடைத்த வீடுகளுக்குக் கேட்ட அட்வான்ஸைக் கொடுக்க நுஃமான் ஊரில் உள்ள எல்லாப் பைகளுக்கும் ஜிப் மாற்ற வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் கதிர்காமம் தாண்டி அரசாங்கம் கட்டிய பி பிளாக்கின் அறுபது வீடுகளுக்கு விண்ணப்பம் கேட்டார்கள். நானூறு குடும்பங்கள் போட்டன. நுஃமானும் போட்டார்.

பிப்ரவரியில் குலுக்கல் நடந்தது. நடந்தது என்றா சொன்னேன், அதை ஒரு கல்யாணம் மாதிரி நடத்தினார்கள். டெல்லியிலிருந்து வந்திருந்த செயலர் தலைமை விருந்தினர். இயக்குநர் கோவிந்தராசு ஒலிபெருக்கியைப் பிடித்து, கம்ப்யூட்டருக்குத் தானாகக் குலுக்கத் தெரியாது என்ற உண்மையை மக்களுக்கு விளக்கினார். ஆரம்பத்தில் அதற்கு ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். அதன் பெயர் விதை எண். அந்த எண்ணை வைத்து அது கணக்குப் போட்டு, பார்வைக்குத் தாறுமாறாக இருக்கும் எண்களை வரிசையாக உதிர்க்கும். அதே விதை எண்ணை மறுபடி கொடுத்தால் அதே எண்கள் அதே வரிசையில் உதிரும். ஆகவே இங்கே தில்லுமுல்லுக்கு இடமில்லை, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம், இதே பட்டியல்தான் வரும் என்றார். பானையில் கைவிட்ட குழந்தையால் இது முடியுமா என்றும் கேட்டார். எல்லார் கண்ணும் வந்துகொண்டிருந்த பிஸ்கட் தட்டின் மேல் இருந்தது.

செயலர் 1954 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தார். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போன வருஷம் என்பதால் கைதட்டல். பொத்தானை அழுத்தினார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்குவதற்குள் குலுக்கல் முடிந்துவிட்டது. வேகத்துக்காகவே மென்பொருளின் முக்கியப் பகுதியை வெளியூர்க் கம்பெனி ஒன்றிடம் கொடுத்து, எந்திர மொழிக்குக் கம்பைல் செய்து, முத்திரை வைத்து வாங்கியிருந்தார்கள். நானூறு பேரில் அறுபது பேரை எடுக்க அவ்வளவு அவசரம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. போட்டோவுக்காகச் செயலர் இன்னும் மூன்று தடவை பொத்தானின் மேல் விரலை வைத்துச் சிரித்தார்.

பி பிளாக், எண் ஏழு, தரைத்தளம், நுஃமான். பெயரைக் கேட்டதும் மனுஷன் எழுந்து, பக்கத்தில் நின்றிருந்த துணை இயக்குநரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அதே நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர், “இது திருட்டுக் கூட்டம்” என்று கத்தினார். அவர் பிள்ளைச்சாவடி அம்மாவாசை. கடல் அவர் வீட்டின் முன்சுவரைத் தின்றுவிட்டு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பெயர் வரவில்லை.

சுரையா மறுநாளே பஸ் ஏறிப் போய், பூட்டின வீட்டை ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் வாரம் ஒரு தடவை போனார். கட்டில் எங்கே, அடுப்பு எங்கே, மிஷின் எங்கே என்று எல்லாவற்றையும் ஜன்னலுக்கு வெளியே நின்றே போட்டு முடித்துவிட்டார்.

சாவி மட்டும் வரவில்லை. இயக்ககத்தின் விதிகளில் ஒன்பதாவது ஒன்று உண்டு. சாவி கொடுக்கும் முன், யாராவது ஆட்சேபம் எழுப்பினால் அதே விதை எண்ணைப் போட்டு ஒரு மறுஓட்டம் நடத்திக் காட்ட வேண்டும். அம்மாவாசை ஆட்சேபம் எழுப்பியிருந்தார். கோவிந்தராசு அதைக் கேட்டுப் பூரித்துப் போனாராம். மறுஓட்டம் கேட்க இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மார்ச்சில் மறுஓட்டம். அம்மாவாசையை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். 1954 போட்டார்கள். பட்டியல் வந்தது. பி பிளாக் ஏழில் அம்மாவாசை இருந்தார். நுஃமான் எங்கேயுமே இல்லை. கோவிந்தராசு விரல் தவறியிருக்கும் என்று தானே உட்கார்ந்து மறுபடி போட்டார். மூன்றாவதாக ஒரு பட்டியல் வந்தது. அதில் இரண்டு பேருமே இல்லை. நாலாவது தடவை நுஃமானுக்கு ஐந்தாவது மாடி வந்தது. கட்டடத்தில் இருப்பதே நாலு மாடி என்று துணை இயக்குநர் மெதுவாகச் சொன்னார். அது பின்னால் கட்டும் உத்தேசத்தில் சேர்த்தது என்று கோவிந்தராசு பதில் சொல்லி, மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். காற்று காரணமாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அன்றைக்கு அந்த அறையில் விஷயம் புரிந்த ஒரே ஆள் சிந்துஜா. புள்ளியியல் படித்துவிட்டு ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்த பெண். ஒப்பந்தக்காரர்கள் உட்காருவதற்கு நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டே விளக்கினார்.

“சார், மேல ஒரு புரோகிராம் இருக்கு, கீழ ஒண்ணு இருக்கு. நாம விதை எண்ணைக் குடுக்கறது மேல இருக்கறதுக்கு. ஆனா குலுக்கறது கீழ இருக்கற கம்பைல் பண்ணது. அது மேல இருக்கறதக் கேக்கவே இல்ல. ஸ்டார்ட் ஆனதும் கம்ப்யூட்டரோட கடிகாரத்தப் பாத்துட்டு, தானா ஒரு எண்ணை எடுத்துக்குது. நாம 1954 போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். கீழ இருக்கறதுக்கும் அந்த எண்ணைக் கொண்டு போய்ச் சேத்தாப் போதும். ரெண்டு வரிதான்.”

“சேத்தா பிப்ரவரி மாசத்துப் பட்டியல் வருமா?” என்று கோவிந்தராசு கேட்டார்.

வராது, இனிமேல் எப்போது ஓட்டினாலும் ஒரே பட்டியல் வரும், ஆனால் அது பிப்ரவரிப் பட்டியலாக இருக்காது என்றார் சிந்துஜா.

“அப்ப பிப்ரவரி மாசம் செயலர் அய்யா கையால நடந்தது தப்புன்னு ஆயிடும்,” என்றார் இயக்குநர். “ஏம்மா, முத்திரை வெச்ச மென்பொருளத் தொறக்கறது குற்றம். மென்பொருள் சரியாத்தான் இருக்கு. முடிவும் சரியாத்தான் இருக்கு. நாலு முடிவுமே சரிதான். சூழ்நிலைதான் மாறிப்போச்சு.”

நுஃமான் இதையெல்லாம் வாசற்படியில் நின்று கேட்டார். தன் வீடு கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று அவருக்கு விளங்கவில்லை. அம்மாவாசைக்கும் விளங்கவில்லை. இரண்டு பேரும் எதிர்க்கடையில் ஆளுக்கொரு டீ குடித்து, கடல் அலையைப் பற்றியும் சுரையாவின் முட்டி வலியைப் பற்றியும் பேசினார்கள். ஒருத்தர் வீட்டை ஒருத்தர் பறித்துக்கொண்டவர்கள் என்ற முறையில் சண்டை போட்டிருக்க வேண்டும். யாரிடம் யார் பறித்தது என்று தெரியாததால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

சூழ்நிலை மாறியதை ஆராய நிபுணர் குழு அமைத்தார்கள். அதன் தலைவர் தனிஸ்லாஸ், பிரெஞ்சு மரியாதைப்படி முசே தனிஸ்லாஸ். அந்தக் காலத்திலேயே பாரீஸ் போய்ப் புள்ளிவிவரம் படித்து, பாரீஸ் பென்ஷனில் இங்கே இருப்பவர். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. தொடாதவர்தான் நடுநிலையாக இருப்பார் என்று அவரைப் போட்டார்கள். முசே பிப்ரவரி விழாவின் வீடியோவை வெகுநேரம் பார்த்தார். அறிவியலில் ஒரு முடிவு மறுபடி வர வேண்டுமானால் எல்லாமே மறுபடி வர வேண்டும், அன்றைக்கு இருந்த ஒவ்வொன்றும் அப்படியே இருக்க வேண்டும், நடந்ததை நடந்தபடி ஒரு ப்ரொசே-வெர்பால், அதாவது நடவடிக்கைக் குறிப்பு, எழுதி, அதன்படியே இன்னொரு தடவை நடத்த வேண்டும் என்றார். பிரான்ஸில் அப்படித்தானாம்.

சிந்துஜாவுக்கு ஒரு நப்பாசை. எல்லாமே மறுபடி வர வேண்டும் என்றால் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை அந்த நாள், அந்த நேரத்துக்குத் திருப்பி வைத்துப் பார்க்கலாமே என்றார்.

“அரசாங்கக் கடிகாரத்தப் பின்னால தள்ளச் சொல்றியா?” என்றார் கோவிந்தராசு. “அதுக்குப் பேரு போர்ஜரி. நாம பண்ணப் போறது அறிவியல்.”

மே மாத வெயிலில் அறிவியல் நடந்தது. பிப்ரவரியில் வந்தவர்கள் எல்லாரும் பிப்ரவரியில் போட்ட உடுப்போடு வர வேண்டும் என்று அறிவிப்பு. நுஃமான் அன்றைக்குப் போட்டிருந்த கோடு போட்ட சட்டையைச் சுரையா ஏற்கெனவே கிழித்து அடுப்படித் துணியாக்கியிருந்தார். அதைத் திரும்ப ஒட்டுத் தைத்துக் கொடுத்தார். “எண்ணெய் வாசனை அன்னைக்கி இருந்துச்சான்னு கேப்பாங்க. இருந்துச்சுன்னு சொல்லிடுங்க,” என்று சொல்லி அனுப்பினார். செயலர் அந்தமானுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அவர் நாற்காலியில் அவர் படத்தை வைத்தார்கள். பிப்ரவரி விழாவில் குளிர்சாதனம் போட்டதில் ஃபியூஸ் போய் ஒரு நிமிஷம் இருட்டானது வீடியோவில் இருந்தது. அதனால் அதே நேரத்தில் ஃபியூஸைப் போகவைக்க எலெக்ட்ரீஷியனை நிறுத்தியிருந்தார்கள். நித்தமும் தானாகப் போகிற ஃபியூஸ் அன்றைக்கு அவர் என்ன செய்தும் போகவில்லை. கடைசியில் எல்லாரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். படத்தின் விரலுக்குப் பதில் துணை இயக்குநரின் விரல் பொத்தானை அழுத்தியது.

பட்டியல் வந்தது. பி பிளாக் ஏழு, அம்மாவாசை.

நுஃமான் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அம்மாவாசை கையைக் கூப்பிக்கொண்டு எழுந்தார். முசே தனிஸ்லாஸ் பதறிப்போய் இரண்டு பேரையும் நிறுத்தினார். ப்ரொசே-வெர்பால்படி பட்டியல் வந்ததும் நுஃமான் சந்தோஷப்பட்டுத் துணை இயக்குநரைக் கட்டிப் பிடிக்க வேண்டும், அம்மாவாசை திருட்டுக் கூட்டம் என்று கத்த வேண்டும்.

“என் பேரு வரலியே சார்,” என்றார் நுஃமான்.

“பேரப் பத்திக் கேக்கல. சூழ்நிலையக் கெடுக்காதீங்க,” என்றார் கோவிந்தராசு.

நுஃமான் போய்த் துணை இயக்குநரைக் கட்டிப் பிடித்தார். அந்த மனுஷனும் பாவம், முதுகில் இரண்டு தட்டு தட்டினார். அம்மாவாசையிடம் வந்தார்கள். வீடு கிடைத்த மனுஷனுக்குக் கத்த எப்படி மனசு வரும்? சன்னமாக, “திருட்டுக் கூட்டம்,” என்றார். போதாது, அன்றைக்கு இன்னும் கோபம் இருந்தது என்றார் முசே. இரண்டாவது தடவை கொஞ்சம் உரக்கச் சொன்னார். மூன்றாவது தடவை சொல்வதற்குள் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. படத்தில் இருந்த செயலரையும் சேர்த்து, இயக்குநரிலிருந்து ஜீப் டிரைவர் வரைக்கும் பேர் பேராகச் சொல்லித் திட்டினார். கோவிந்தராசு கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

“அன்னைக்கி மாதிரியே இருக்கு,” என்றார் திருப்தியாக.

ஆனால் பட்டியல் அன்றைக்கு மாதிரி இல்லை. அறுபதில் எட்டுப் பேர் ஒத்துப்போனார்கள். இது பெரும் முன்னேற்றம், இப்படியே நடத்திக்கொண்டு போனால் ஒருநாள் அறுபதும் ஒத்துப்போகும் என்று குழு அறிக்கை கொடுத்தது. அதுவரை எந்தச் சாவியும் யாருக்கும் இல்லை. ஜூனில் இரண்டு தடவை நடத்தினார்கள். இரண்டு தடவையும் நுஃமான் ஒட்டுத்துணிச் சட்டையோடு போய்க் கட்டிப் பிடித்துவிட்டு வந்தார். துணை இயக்குநரும் அவரும் இதற்குள் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொள்ளும் அளவுக்கு வந்திருந்தார்கள்.

ஜூன் கடைசியில் வீட்டுக்காரரின் பெயிண்டர்கள் வந்து இறங்கினார்கள். நுஃமான் இன்னும் ஒரு வாரம் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சுரையா போனை எடுத்து ஒரு குட்டியானை வண்டிக்குச் சொன்னார். கட்டிலும் மிஷினும் பாத்திரமும் ஏறின. டிரைவர் எங்கே என்று கேட்டதற்கு, “பி பிளாக் ஏழு,” என்றார். நுஃமான் வாயைத் திறந்தார். “நீங்க பேசாம ஏறுங்க. நானும் இந்த நாலு மாசமா மேல கீழன்னு கேட்டுக்கேட்டு அலுத்துட்டேன்,” என்றார் சுரையா.

அங்கே போனால் அம்மாவாசை ஏற்கெனவே குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். போன வாரத்து அலையில் வீட்டின் மிச்சமும் போய்விட்டது. கையில் கடப்பாரை இருந்தது.

“ஏழு ஒனக்கா எனக்கா பாய்?” என்று கேட்டார்.

நுஃமான் வண்டியிலிருந்து இறங்கினார். “பட்டியலுக்குப் பட்டியல் மாறுதுண்ணே,” என்றார்.

“அப்ப வாசப்பக்கத்து ஏழ நீ எடுத்துக்க. தங்கச்சிக்கு முட்டி வலி. நான் எட்டு எடுத்துக்கறேன்,” என்று அம்மாவாசை இரண்டு பூட்டையும் உடைத்தார். பி பிளாக்கின் சரித்திரத்தில் ஆட்சேபம் இல்லாமல் முடிந்த ஒரே ஒதுக்கீடு அதுதான்.

சாயங்காலத்துக்குள் செய்தி பரவி, அறுபது வீடும் நிறைந்துவிட்டது. கோவிந்தராசு போலீசோடு வந்தார். இன்ஸ்பெக்டர் நியாயமான ஆள். இதில் உரிமை உள்ளவர் யார், இல்லாதவர் யார், பட்டியலைக் கொடுங்கள், இல்லாதவரை வெளியே தள்ளுகிறேன் என்றார். கோவிந்தராசு ஜீப்பிலிருந்து பட்டியல்களைக் கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இந்த அவமானத்தில் பிறந்ததுதான் சிந்துஜாவை எழுதச் சொன்ன புதிய மென்பொருள். ஜூலையில் விழா. வீட்டில் குடியிருப்பவர்கள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். புதுச் செயலர் 1954 போட்டார். பி பிளாக் ஏழு, நுஃமான். எட்டு, அம்மாவாசை. அறுபது பேரும் அவரவர் இருக்கும் வீட்டிலேயே வந்தார்கள். மறுபடி ஓட்டினார்கள். அதே பட்டியல். வேறு விதை எண் போட்டார்கள். அப்போதும் அதே பட்டியல். முசே தனிஸ்லாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எத்தனை தடவை ஓட்டுனாலும் எல்லாருக்கும் அதே வாய்ப்பு. உலகத்துல எந்த நாட்டுலயாவது இப்படி ஒரு சமவாய்ப்பு இருக்கா?” என்று கோவிந்தராசு ஒலிபெருக்கியில் கேட்டார். நுஃமானும் மற்றவர்களும் மனமாரக் கைதட்டினார்கள். சாவி கிடைக்கிறவன் கைதட்டாமல் என்ன செய்வான்.

கூட்டம் கலைந்ததும் நுஃமான் சிந்துஜாவைத் தேடிப்போய் நன்றி சொன்னார். அந்தக் கீழே இருக்கிறதை எப்படித்தான் சரி செய்தாய் என்று கேட்டார்.

“சரி பண்ணலண்ணா,” என்றார் சிந்துஜா. “தூக்கிட்டேன். இதுல குலுக்கலே கிடையாது. உங்க அறுபது பேரோட பேரை உள்ள எழுதி, கம்பைல் பண்ணி, முத்திரை வெச்சுக் குடுத்துட்டேன். வேற எதுக்கும் இத ஓட்டிடாதீங்கன்னு சொல்லியிருக்கேன். செப்டம்பர்ல எனக்கு காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும்.”

செப்டம்பரில் புதுப்பிக்கவில்லை. இவ்வளவு துல்லியமான மென்பொருள் இருக்கும்போது புள்ளியியல் படித்தவருக்கு என்ன வேலை என்று கோப்பில் எழுதியிருந்தார்களாம்.

சுரையா ஜன்னலுக்கு வெளியே நின்று மனசுக்குள் வைத்துப் பார்த்த கட்டிலும் மிஷினும் நிஜமாகவே அதே இடங்களில் உட்கார்ந்தன. அக்கம்பக்கத்தில் தையல் வேலை வந்தது. நுஃமான் காலையில் பஸ் பிடித்துக் காஜியார் வீதிக் கடைக்குப் போய், சாயங்காலம் சொந்த வீட்டுக்குத் திரும்பினார். அவருக்கு அது போதுமாயிருந்தது.

அக்டோபரில் பக்கத்திலேயே சி பிளாக் கட்டி முடித்தார்கள். இன்னொரு அறுபது வீடு. சேதராப்பட்டுக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் விண்ணப்பம் போட்டார்கள். மறுஓட்டங்களில் தேறி, நிரூபிக்கப்பட்ட மென்பொருள் கையில் இருந்தது. விழாவும் சிறப்பாக நடந்தது. அடுத்த வாரம் நுஃமான் வீட்டுக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இரண்டாம் கட்டக் குலுக்கலில் பி பிளாக் ஏழாம் எண் வீடு திரு. நுஃமானுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறபடியால், தற்போது அதில் குடியிருக்கும் திரு. நுஃமான் உடனடியாகக் காலி செய்து கொடுக்க வேண்டும்.

மனுஷன் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு இயக்ககத்துக்கு ஓடினார். கோவிந்தராசு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

“சார், அந்த நுஃமான் நான்தான்.”

“இருக்கலாம். அவரு ரெண்டாவது குலுக்கல்ல வந்தவரு. நீங்க மொதல் குலுக்கல்ல வந்தவரு. வீடு காலியா இருந்தாத்தான் நான் அவருகிட்ட சாவி குடுக்க முடியும்.”

“நான் ரெண்டாவது தடவை விண்ணப்பமே போடலியே சார்.”

“போடாதவருக்கும் வாய்ப்பு. அதத்தான நாங்க சமவாய்ப்புன்னு சொல்றோம்.” இயக்குநர் முன்னால் சாய்ந்து, தன் தம்பிக்குச் சொல்வது போல அன்பாகச் சொன்னார். “நல்லா யோசிங்க. குடியிருக்க வீடு இருக்கறவருக்கு வீடு குடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. நீங்க அங்க இருக்கற வரைக்கும் அந்த நுஃமானுக்குத் தகுதியே கிடையாது. நீங்களே அவருக்குத் தடையா நிக்கிறீங்க. உங்கள வெச்சு அவரு வீடு போயிடக் கூடாது.”

நுஃமான் வீட்டுக்கு வந்து இதைச் சுரையாவிடம் அப்படியே ஒப்பித்தார். சுரையா கேட்டு முடிக்கும் வரை மிஷினை நிறுத்தவில்லை. நாம் காலி செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். ஒதுக்கீடு ரத்தாகும், அப்புறம் இரண்டு நுஃமானுக்கும் வீடு இல்லை என்றார் இவர்.

“அப்ப வண்டிக்குச் சொல்லுங்க. ரோட்டுல போய் உக்காரலாம். தகுதி வரட்டும்,” என்றார் சுரையா. சொல்லிவிட்டு அழுதார். ஜூனில் வீட்டை விட்டுக் கிளம்பியபோதுகூட அவர் அழவில்லை.

அறுபது குடும்பமும் வெளியே வந்தது. அம்மாவாசை தன் சாவியைக் காவலாளியிடம் கொடுக்கும்போது மே மாதத்து வசவுகளை யாரும் கேட்காமலே சொன்னார். புதுச் சாவி கொடுக்கும் விழாவுக்குச் செயலரிடம் தேதி கேட்டிருக்கிறார்கள். அவர் டெல்லிக்குப் போயிருக்கிறார். சி பிளாக் அறுபதும் பட்டியலில் வராததால் பூட்டியே கிடக்கின்றன.

நுஃமான் ஏழுக்கு நேர் எதிரே ரோட்டோரத்தில் கட்டிலைப் போட்டு, மழைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண்மணி வந்து நின்றார். பெயர் சின்னப்பாப்பா. சேதராப்பட்டில் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை. சி பிளாக்குக்கு விண்ணப்பம் போட்டுக் கிடைக்காதவர். கிடைக்காத வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். பூட்டின கட்டடத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பி பிளாக் வாசலில் ஒட்டியிருந்த பட்டியலில் ஏழுக்கு நேரே இருந்த பெயரைத் தேடிப் படித்தார்.

“நீதான அந்த நுஃமான் பாய்? நாங்க நானூறு பேரு போட்டோம், ஒருத்தருக்கும் வரல. ஒனக்கு மட்டும் ரெண்டு தடவையும் வுழுந்திருக்கு,” என்றார். குரலில் கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்தவர் மாதிரிதான் கேட்டார். “மறைக்காமச் சொல்லுண்ணா. இதுக்கு அவங்களுக்கு இன்னா குடுத்த?”

நுஃமான் தார்ப்பாய்க் கயிற்றைக் கையில் பிடித்தபடி பி பிளாக் ஏழைப் பார்த்தார்.

“வீட்டக் குடுத்தேம்மா,” என்றார்.